நர்சக்காவின் மெழுகுக் கோட்டு

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பட்டுத்தறி. பட்டுக்கும் மெழுகுக்கும் ஆகாது. நெய்த சேலையில் ஒரு சொட்டு மெழுகு ஏறினால் அந்த இடம் எண்ணெய் குடித்த காகிதம் மாதிரி ஆகிவிடும், வியாபாரி கையிலேயே வாங்க மாட்டான். அப்படிப்பட்ட தெருவுக்கு மெழுகு பூசிய கோட்டோடு குடிவந்தவள் நர்சக்கா.

சர்க்கார் நர்ஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் அவள் பொறுப்பு. நான் அப்போது தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். "வூட்டோட ஒரு நர்சு இருந்தா நமக்குத்தான நல்லது" என்று என் மாமியார் கணக்குப்போட்டு, வாசலை ஒட்டிய சின்ன அறையை அவளுக்கு வாடகைக்கு விட்டார். சாமான்கள் வந்து இறங்கின அன்றைக்குத்தான் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, எருமத்தோலு மாதிரி?"

"மழைக்கோட்டுங்க. பருத்தித் துணிதான். மெழுகு ஏத்தியிருக்குது."

"மெழுகா?" மாமியார் இரண்டடி பின்வாங்கினார். "தோ பாரும்மா நர்சம்மா, நீ தங்கமான பொண்ணா இருக்கலாம். ஆனா பட்டு கீற வூட்டுக்குள்ள மெழுகு வரக்கூடாது. வந்துச்சுன்னா அன்னிக்கே நீ வேற வூடு பாத்துக்கணும்."

"வராதுங்க" என்றாள் நர்சக்கா. அவ்வளவுதான் பேச்சு. சுத்தியல் கேட்டு வாங்கி, வெளிச்சுவரில் கூரை இறக்கத்துக்குக் கீழே ஒரு மர முளையை அடித்தாள். அவள் எங்கள் வீட்டில் இருந்த அத்தனை வருஷத்தில் அந்தக் கோட்டு ஒருநாள்கூட வாசற்படியைத் தாண்டவில்லை. கோட்டைத் தொட்ட கையைக் கடலைமாவு போட்டுக் கழுவாமல் அவளும் உள்ளே வந்ததில்லை. மாமியார் சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டாளா என்று கேட்டேன் ஒருநாள். "இதுல கோவம் இன்னா கீது? அவங்களுக்குப் பட்டு சோறு போடுது. எனக்கு இது" என்றாள்.

ஆம்பளைக் கோட்டு அது. ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கும். நான் பார்க்கும்போது நனைந்த புளியமரப் பட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்துப்பட்டையில் வரிவரியான துணி, பித்தளைப் பொத்தான்கள், ஆளையே போட்டுவைக்கலாம் போல இரண்டு பைகள். கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டால்தான் அவள் விரல்கள் வெளியே தெரியும். வெள்ளைச் சேலைக்கு மேல் முழங்காலுக்குக் கீழ்வரை அதைப் போட்டுக்கொண்டு, லேடீஸ் சைக்கிளில், ஹேண்டில்பாரில் மருந்துப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஐப்பசி மழையில் அவள் சேவூர் ரோட்டில் போவதைப் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. பொம்பளை சைக்கிள் விடுவதே அதிசயமாக இருந்த காலம். "கோட்டுப் பூதம் போவுது" என்று பசங்கள் கத்துவார்கள். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒருமுறை டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், "ஏம்மா, இந்த மழையில போயே ஆவணுமா?" என்று கேட்டாராம். "பெய்யறது மழையோட வேல, போறது என் வேல" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டாள்.

கோட்டு அவள் புருஷனுடையது. நீலகிரியில் ஒரு டீ எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவன். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார மேனேஜர் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்புறம் அவன் வேலையை விட்டு இங்கே வந்து, லாரியில் ஏறி, ஒரு சித்திரை மாசத்தில் வேறொருத்தியோடு போய்விட்டான். பெட்டி, படுக்கை, ரேடியோ, அவள் கைக்கடிகாரம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவன் இதை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

"நெனப்புக்குன்னு வச்சிட்டுப் போனாரா?" என்று வெகுளியாகக் கேட்டுவிட்டேன்.

நர்சக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "நெனப்பாவது ஒண்ணாவது. வெயில் காலத்துல போனான், கோட்டு ஞாபகத்துக்கு வரல. மழைக் காலத்துல போயிருந்தா இதையும் சுருட்டிகினு போயிருப்பான்."

தூக்கி எறிந்திருக்கலாமே என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அவன் போட்ட துணியை நீ எப்படித்தான் போடறியோ என்பார்கள். அவளுக்கு அந்தப் பேச்சே புரியாத மாதிரி இருக்கும். மழை ஒழுகாத துணி ஒன்று கையில் இருக்கிறது, மழையில் போகவேண்டிய வேலையும் இருக்கிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்ப்பாள்.

ஆனால் அது சும்மா ஒழுகாமல் இருக்கவில்லை. மெழுகுத் துணியின் குணம் அப்படி. ஒரு மழைக்காலம் முழுக்க உழைத்தால் மெழுகு தேய்ந்துபோகும். முழங்கை, தோள், மடிப்பு என்று உராயும் இடமெல்லாம் வெளிறி, அங்கே தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிடும். மறுபடி ஏற்ற வேண்டும். கோட்டோடு வந்த சீமை மெழுகு டப்பா அவன் போவதற்கு முன்பே காலி. வேறெங்கும் கிடைக்காது. அவளாகவே செய்துபார்த்தாள். முதல் வருஷம் மெழுகுவர்த்தியை உருக்கித் தேங்காய் எண்ணெய் கலந்து பூசினாள். எறும்பு மொய்த்தது. எலி வந்து ஒரு பையின் ஓரத்தைக் கடித்துவிட்டுப் போனது. அடுத்த வருஷம் எண்ணெயே வேண்டாமென்று வெறும் மெழுகுவர்த்தி. கோட்டு பலகை மாதிரி விறைத்துக்கொண்டு, கையை மடக்கினால் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து உதிர்ந்தது. நடு ரோட்டில், மழையில், முழங்கையிலும் தோளிலும் தண்ணீர் இறங்கியது. அதற்கு மேல் அந்த மழைக்காலத்தைப் பற்றி அவள் ரொம்ப நாள் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்புறம்தான் ஜவ்வாது மலையிலிருந்து தேன் விற்க வருகிறவர்களிடம் தேன்மெழுகு வாங்கினாள். பெயிண்டு கடையில் ஆளிவிதை எண்ணெய் வாங்கினாள். எதில் எவ்வளவு என்று பழைய துணித் துண்டுகளில் பூசிப் பூசி, கொல்லைக் கொடியில் தொங்கவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்த துண்டை என்னிடம் எடுத்துவந்து காட்டினபோது, பிரசவம் பார்த்துவிட்டு வருகிற முகம் அவளுக்கு.

புரட்டாசி வெயில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அந்த வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவளுடைய மெழுகு நாள். முதல் நாளே கோட்டில் காய்ந்திருந்த சேற்றைத் தென்னந்துடைப்பத்தால் தட்டி, பச்சைத்தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திவைப்பாள். சோப்பு படக்கூடாது. வெந்நீர் ஆகாது. தெரியாத்தனமாக வண்ணான் ஒருமுறை மூட்டையோடு எடுத்துப்போகப் பார்த்தபோது, தெருக்கோடிவரை ஓடி மீட்டுக்கொண்டு வந்தாள். ஞாயிறு காலையில் கோட்டைப் பக்கத்துச் சந்து வழியாகவே கொல்லைக்குக் கொண்டுபோய், அங்கே மூன்று கல் வைத்து, குண்டானில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீருக்குள் ஒரு டின்னை இறக்கி மெழுகையும் எண்ணெயையும் உருக்குவாள். பனங்கள்ளும் பெயிண்டும் கலந்த மாதிரி ஒரு வாசனை. உருகினதைத் துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். வெயிலில் காட்டினால் துணி அதைக் குடிக்கும். குடித்த இடத்தில் மறுபடியும் தேய்க்க வேண்டும். கூட உட்கார்ந்து நானும் தேய்ப்பேன். அதற்கு மாமியார் போட்ட தண்டனை, அன்றைக்கு முழுக்க நான் தறிப் பக்கமே போகக்கூடாது. எனக்கு அது தண்டனையாகத் தெரிந்ததில்லை.

நான் முதுகுப் பக்கத்தை நன்றாக வழவழவென்று தேய்த்துவிட்டு நிமிர்வேன். நர்சக்கா கையை நீட்டித் தையலைக் காட்டுவாள்.

"வசந்தா, முதுகுல எவன் வேணும்னாலும் தேய்ப்பான். தண்ணி நுழையறது தையல்ல. அங்க தேய்."

கிழிந்தால் அவளே ஒட்டுப் போடுவாள். தையல்காரர் அந்தக் கோட்டை மெஷின் பக்கமே விட மாட்டார், மெழுகு ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்று. வேலமுள் கிழித்த இடத்துக்கெல்லாம் லாரித் தார்ப்பாய்த் துண்டை வைத்து, கோணி ஊசியால் கையாலேயே தைத்து, தைத்த ஓட்டை ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் மெழுகை அழுத்துவாள்.

ஒரு கார்த்திகை மாசம், வானம் வெளுத்திருந்த காலை. மழை விட்டுவிட்டது என்று நம்பித் தெருவில் பாவு நீட்டியிருந்தோம். கல்யாணச் சேலைக்கான அரக்குச் சிவப்புப் பாவு, தறியில் ஏறவேண்டிய நீள இழை அத்தனையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக. பாதி வேலையில் சடசடவென்று தூறல் போட ஆரம்பித்துவிட்டது. நனைந்தால் இழை இழையோடு ஒட்டிக்கொள்ளும், சாயம் இறங்கும், அவ்வளவு நாள் உழைப்பும் போச்சு. எல்லாரும் ஓடினோம். கோணி, பாய் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் எடுத்து வந்தோம். நர்சக்கா டியூட்டிக்குக் கிளம்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

என் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "நர்சம்மா! அந்தக் கோட்டக் கழட்டி மேல போடு! ஜல்தி!"

"மாட்டேங்க" என்றாள்.

தெருவே திரும்பிப் பார்த்தது.

"இன்னாடி சொல்ற? பாவு போவுதுடி!"

"மெழுகு ஏறினா அதவிட மோசமாப் போவும். நீங்கதான சொன்னீங்க?" என்றபடியே கோட்டைக் கழற்றினாள். பாவின்மேல் போடவில்லை. திரும்பிப் போய் முளையில் மாட்டினாள். வாளித் தண்ணீரில் கையை முங்கவிட்டு, மாவு போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஓடிவந்து பாவின் நடுப்பகுதிக்குக் கீழே கை கொடுத்தாள் பாருங்கள், அது மாதிரி ஒரு ஆள் பலத்தை நான் பார்த்ததில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுருட்டி, எதிர்வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுசேர்த்தோம். ஓரத்து இழைகள் கொஞ்சம் போயின. மற்றது பிழைத்தது. வெள்ளைச் சேலை உடம்போடு ஒட்டிக்கொள்ள, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, குளிரில் பல் தந்தியடிக்க நின்றாள் நர்சக்கா. மழைக்கே பயப்படாதவள் அன்றைக்குத்தான் என் கண்முன் முழுசாக நனைந்தாள்.

மாமியார் உள்ளே போய், தான் பொங்கலுக்கென்று எடுத்துவைத்திருந்த புதுப் புடவையைக் கொண்டுவந்து நீட்டினார். "மாத்திகினு போ. சளி புடிச்சிக்கும்." ஆனால் கோட்டு வாசலுக்கு வெளியேதான் என்ற சட்டம் மட்டும் கடைசிவரை மாறவில்லை. பட்டு பட்டுதான்.

என் பிறந்த வீடு ஆற்றுக்கு அந்தக் கரை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் கமண்டல நாகநதியில் மணல்தான் ஓடும். தண்ணீர் வந்தால் மட்டும் ஒரேயடியாக வரும். அந்த வருஷம் அப்படி வந்தது. தரைப்பாலம் முழுகி, அது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. என் தங்கச்சி செல்வி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாள். பகல் பொழுதில் என் அண்ணன் சொட்டச் சொட்ட ஓடிவந்து எங்கள் வாசலில் நின்றான்.

"நர்சம்மா கீறாங்களா? செல்விக்கு விடிகாலையிலருந்து வலி. கால் முன்னால வருதுன்னு மருத்துவச்சி கைய விரிச்சிடுச்சு."

 நர்சக்கா பையைத் திறந்து ஒருமுறை பார்த்தாள், மூடினாள், கோட்டை மாட்டினாள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஆற்றங்கரையில் ஊர்ஜனம் நின்றுகொண்டிருந்தது. செங்கல் கரைத்த மாதிரித் தண்ணீர். முழு மரம் ஒன்று வேரோடு உருண்டு போனது. கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை வடத்தை இரண்டு கரையிலும் மரத்தில் கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணன் வந்திருக்கிறான். நர்சக்கா இறங்கப் போவதைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஏம்மா, உசுரு மேல ஆச இல்லியா? தண்ணி வடியட்டும். காலையில போ."

"அதுவரைக்கும் புள்ள உள்ள காத்துகினு இருக்குமாங்க?"

"நீயும் போயிட்டா யாரும்மா பிரசவம் பாக்கறது?"

"அதான் வடம் கீதே" என்று சொல்லிக்கொண்டே கோட்டைக் கழற்றினாள். எல்லோரும் அவளையே பார்த்தோம். தரையில் கோட்டை விரித்து, நடுவில் மருந்துப் பையை வைத்து, கோட்டின் கைகள் இரண்டையும் மேலே கொண்டுவந்து இறுக்கி முடிந்து, தலைமேல் தூக்கிவைத்தாள்.

"அக்கா, அத நீங்க போட்டுக்குங்க, குளிரும்" என்றான் அண்ணன்.

"ஆத்துக்குள்ள போட்டா என்னை இழுத்துகினு போயிடும். நான் நனைஞ்சா காஞ்சிப்பேன்பா. இதுக்குள்ள கீற சாமான் நனையக் கூடாது. நீ முன்னால போ. வழி காட்டு."

இடுப்பு, மார்பு, கழுத்து என்று தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. நடு ஆற்றில் அவள் கால் தவறியது. தலை ஒருகணம் காணாமல் போய்விட்டது. கரையில் எல்லோரும் ஐயோ என்று கத்தினோம். தண்ணீருக்கு மேலே ஒரு கையும் அந்தக் கறுப்பு மூட்டையும் மட்டும் தெரிந்தன. அப்புறம் தலை வந்தது. அக்கரை ஏறினதும் மூட்டையை அவிழ்த்தாள், பையை எடுத்தாள், கோட்டை மாட்டிக்கொண்டாள், எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அண்ணன் பின்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

மறுநாள் தண்ணீர் இறங்கினபிறகு சேதி வந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். செல்வி அப்புறம் என்னிடம் சொன்னாள்: "வலியில எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அந்தம்மா பையத் தொறந்தப்போ பாத்தேன்க்கா. அவ்ளோ தண்ணியில வந்தும் பஞ்சு பஞ்சாவே இருந்துச்சு."

நர்சக்கா திரும்பி வந்ததும் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. கொல்லைக் கல்லில் உட்கார்ந்தாள். அவளாகவே சொன்னாள்.

"மெழுகு பொரிஞ்சி போச்சுன்னு சொன்னேனே, அந்த வருஷம் வசந்தா. ஒரு ஊருக்குப் போயிகினு இருந்தேன். நல்ல மழை. உள்ள தண்ணி இறங்கிடுச்சு, பையும் நனையுது. சரி, கொஞ்சம் விடட்டும்னு ஒரு புளியமரத்தாண்ட ஒதுங்கினேன். ரொம்ப நேரம்கூட இல்ல. போய்ச் சேர்ந்தேன். வாசல்லயே அழுவுற சத்தம். அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்காம போயிடுச்சு. நான் முன்னாலயே போயிருந்தாலும் அவ உசுரு போயிருக்கலாம். பொழச்சும் இருக்கலாம். யாரு சொல்ல முடியும்? அந்த வூட்டுல யாரும் என்னை ஒண்ணும் கேக்கல. ‘மழையில பாவம் நீங்க இன்னா பண்ணுவீங்க’ன்னு எனக்குக் காப்பித்தண்ணி கொடுத்தாங்க."

காலில் ஒட்டியிருந்த ஆற்று மணலைத் தட்டிவிட்டாள்.

"அந்தக் காப்பிய நான் குடிச்சேன் வசந்தா. அதுக்கப்புறம் மழைக்கு ஒதுங்கறதில்லன்னு வச்சிகினேன்."

அதன்பிறகு நான் தையல்களில் மெழுகு தேய்க்கும்போது ஒருமுறைகூட அவள் எனக்குச் சொல்லவேண்டி வரவில்லை.

அவளுக்கு எங்கள் ஊரைவிட்டு மாற்றல் வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் அவன் வந்தான். காலையிலிருந்து விடாத மழை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் எங்கள் கூரை இறக்கத்தில் வந்து ஒண்டினார். நரைத்த தாடி, ஒடுங்கின கன்னம். யாரோ வழிப்போக்கர் என்று நினைத்தேன். அவர் சுவரில் முளையைப் பார்த்தார். கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என் கோட்டு" என்றார் என்னிடம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கூப்பிடுவதற்குள் நர்சக்காவே பையோடு வெளியே வந்தாள். அன்றைக்கு ஒரு பிரசவத்துக்குப் போகவேண்டியிருந்தது, ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. அவனைப் பார்த்தாள். நின்றாள். எத்தனை வருஷம் கழித்து!  அழுவாளா, அடிப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"சௌக்கியமா?" என்றான் அவன்.

"இன்னா வேணும்?"

"யாரும் இல்ல எனக்கு இப்போ. அவளும் போயிட்டா. நெஞ்சுல சளி, மழை ஆவறதில்ல." கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினான். "இன்னும் வச்சிகினு கீறியே. நான் வருவேன்னுதான வச்சிகினு இருந்த? இல்லாட்டி இத்தினி வருஷம் எதுக்குப் பத்திரமா..."

"கைய எடு" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அவன் எடுத்துவிட்டான்.

அவள் கோட்டை முளையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள்.

"நீ வுட்டுட்டுப் போனது துணி. நாலு தூறலுக்குத் தாங்கியிருக்காது. இதுல இப்ப கீறது பூரா நான் ஏத்தின மெழுகு, நான் போட்ட ஒட்டு. உன்கிட்ட எனக்கு ஒரு கோவமும் இல்ல. எனக்கு நேரம் இல்ல, புள்ள பொறக்கற எடத்துக்குப் போவணும்." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் இறங்கினவள், ஏதோ நினைத்து நின்றாள். "காலையிலருந்து சாப்ட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வசந்தா, அடுப்பாண்ட சோறும் கொழம்பும் கீது, அவனுக்குப் போடு. மூலையில குடை கீது, போவும்போது எடுத்துகினு போவட்டும்." அவன் பக்கம் திரும்பினாள். "நல்லாச் சாப்டு. நான் வர்றதுக்குள்ள போயிடு."

மிதித்துக்கொண்டு போய்விட்டாள். மழையில் அந்தக் கோட்டின் முதுகு தெரு திரும்பும்வரை பளபளவென்று தெரிந்தது. அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

நான் சோறு போட்டேன். தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைத்தான். மழை கொஞ்சம் குறைந்ததும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நர்சக்கா வந்தாள். கோட்டைக் கழற்றி உதறி முளையில் மாட்டினாள். பச்சைத்தண்ணீரில் துணியை நனைத்து, கீழ்மடிப்பில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"போயிட்டானா?"

"போயிட்டாருக்கா."

"சாப்ட்டானா?"

"சாப்ட்டாரு. குடையும் எடுத்துகினு போனாரு."

"செரி."

துடைத்து முடித்து, துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, கடலைமாவு டப்பாவுக்குக் கையை நீட்டினாள். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"பொண்ணு வசந்தா. வெளிய வந்ததும் என் வெரலப் புடிச்சிகினு வுடவே மாட்டேன்னுடுச்சு. தல நெறைய முடி."